ரத்தம் வரும் இடத்தில்தான் துலக்க வேண்டும்

பல் சொத்தை ஆளைத் தூங்கவிடாது. ஈறு நோய் நன்றாகத் தூங்கவிடும். பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராமல் உள்ளே இருந்துகொண்டு, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துவரும். ஒருநாள் எதையோ கடிக்கும்போது பல் லேசாக ஆடுவது தெரியும். அன்றைக்குத்தான் பலரும் பல் மருத்துவரைத் தேடிப் போகிறார்கள். அதற்கு வெகு காலம் முன்பே ஈறு சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கும். துப்பும்போது நுரையில் ஒரு சிவப்புக் கோடு, பிரஷ் முனையில் ஒரு கறை. "அது எல்லோருக்கும் வருவதுதான், பிரஷ் கொஞ்சம் முரடாக இருக்கும்" என்று பக்கத்தில் இருக்கும் யாராவது சமாதானம் சொல்லியிருப்பார்கள்.

எல்லோருக்கும் வருவதில்லை. மென்மையான பிரஷ்ஷால் துலக்கினால் ஆரோக்கியமான ஈறு ரத்தம் விடாது. எப்போதோ ஒருமுறை பிரஷ் இடித்துக் காயம் பட்டு வருவது வேறு. அதே இடத்தில் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே அழற்சி இருக்கிறது. ரத்தத்தைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைத் துலக்கத் தொடங்குகிறார்கள். புண்ணைத் தொடாமல் இருந்தால் ஆறிவிடும் என்ற நினைப்பு அவ்வளவு ஊறிப்போனது. ஈறு விஷயத்தில் அது தலைகீழாக வேலை செய்கிறது. தொடாமல் விட்ட இடத்தில் அழுக்கு சேரும், அழுக்கு சேர்ந்தால் ரத்தம் கூடும், ரத்தம் கூடினால் அந்தப் பக்கமே பிரஷ் போகாது. ரத்தம் வரும் இடத்தில்தான், மென்மையாக, ஆனால் முழுமையாகத் துலக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது ஒன்று நின்றால் போதும்.

எனக்கு ஈறு நோய் இருப்பது நாற்பது வயதைத் தாண்டிய பிறகு தெரியவந்தது. அப்பாவுக்கு ஐம்பதுகளிலேயே பற்கள் ஒவ்வொன்றாகப் போனதைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன். வயதானால் பல் விழத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லோரும் அதை இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். வயது தானாகப் பல்லைப் பிடுங்குவதில்லை. நோய் பிடுங்குகிறது. ஆண்டுகள் கூடக்கூட அதன் சேதமும் கூடுவதால் பழியை வயது ஏற்கிறது. நான் மருத்துவர் இல்லை. சிகிச்சை நாற்காலியில் கேட்டதையும் அதற்குப் பிறகு தேடித்தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில், பல்லைச் சுற்றி ஒரு குறுகிய பள்ளம் இருக்கிறது. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். பல்லின்மேல் படியும் வெண்மையான, கொழகொழப்பான படலம் பாக்டீரியாக்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு. பல் மருத்துவர்கள் அதைப் பிளேக் என்பார்கள். துலக்கிய சில மணி நேரத்திலேயே அது மறுபடி உருவாகத் தொடங்கிவிடும். எடுக்காமல் விட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கி, சில நாட்களில் அது கல்லாக இறுகத் தொடங்கும். அதுதான் காரை. காரையை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பு புதிய படலம் ஒட்டிக்கொள்ள வசதியான இடமாகவும் ஆகிவிடும்.

1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் 12 பேருக்குமே ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாளில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. ஈறு அழற்சிக்குக் காரணம் பற்களில் சேரும் படலம்தான் என்பது அதில் ஐயமில்லாமல் தெரிந்தது. அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் முழுக்கச் சரியாகிவிடும் என்பதும் தெரிந்தது. எலும்பு போகவில்லை, பல் நகரவில்லை, தழும்பும் மிச்சமில்லை. ஈறு நோயில் இவ்வளவு மலிவாகத் தப்பிக்கும் வாய்ப்பு வேறு எந்தக் கட்டத்திலும் கிடையாது.

அடுத்த கட்டம் அப்படி இல்லை. அழற்சி நீடித்தால், ஈறு பல்லிலிருந்து பிரிந்து அந்தச் சிறு பள்ளம் ஆழமாகிறது. அதை ஈறுப்பை என்றோ பாக்கெட் என்றோ சொல்கிறார்கள். ஆழமான பையில் காற்று குறைவு. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அது சொந்த வீடு. அவற்றை எதிர்க்க உடல் படை திரட்டுகிறது. இதில் என்னை அதிகம் உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. எலும்பைக் கரைப்பதில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்கு இல்லை, அதை விரட்டப் புறப்பட்ட நம்முடைய சொந்த எதிர்ப்புச் சக்திக்குத்தான். நீண்டகாலம் ஓயாத அழற்சி, எலும்பை உடைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. தொற்று நடக்கும் இடத்திலிருந்து எலும்பு பின்வாங்குகிறது. இந்தக் கட்டத்துக்குப் பெரியோடான்டைட்டிஸ் என்று பெயர். போன எலும்பு தானாகத் திரும்பி வராது.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, தீவிரமான ஈறு நோய் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது. இத்தனை பேருக்கு இருக்கும் ஒரு நோயைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இனி அடையாளங்கள். ரத்தத்தைச் சொல்லிவிட்டேன். ஆனால் ரத்தம் வராததை வைத்து நிம்மதி அடையக் கூடாத ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் புகைபிடிப்பவர்கள். புகையிலை, ஈறில் அழற்சி வெளியே தெரியும் விதத்தையே மாற்றிவிடுகிறது. சிவப்பும் வீக்கமும் ரத்தக்கசிவும் குறைவாகத் தெரியும், உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். புகைப்பதை நிறுத்திய சில வாரங்களில் சிலருக்கு ஈறில் ரத்தம் வரத் தொடங்கும். நிறுத்தியதால் கெட்டுவிட்டது என்று மறுபடி பற்றவைத்துவிட வேண்டாம். மறைந்திருந்த நோய் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். கருநிறத் தோல் கொண்டவர்களில் பலருக்கு ஈறில் பழுப்பாகவோ கருமையாகவோ இயற்கையான நிறம் இருக்கும். அது நோய் இல்லை, தேய்த்துப் போக்க வேண்டியதும் இல்லை. நிறத்தைவிட வடிவத்தைப் பாருங்கள். பல்லை ஒட்டிய ஈறின் விளிம்பு கத்திமுனை போல மெலிந்து படிந்திருக்கிறதா, உப்பிப் பளபளக்கிறதா? இரண்டு பற்களுக்கு இடையே ஈறு முக்கோணமாக நிரம்பியிருக்கிறதா, மொண்ணையாகி இருக்கிறதா? பிரஷ் பட்டால் உறுதியாக நிற்கிறதா, தளதளவென்று அசைகிறதா?

பற்கள் முன்பைவிட நீளமாகத் தெரிந்தால் ஈறு கீழிறங்கியிருக்கிறது. மூடியிருந்த வேர் வெளிப்படுவதால் குளிர்ந்ததும் சூடானதும் கூசும். இதுவரை உணவு சிக்காத ஓர் இடுக்கில் புதிதாகச் சிக்கத் தொடங்கினால் கவனியுங்கள். முன்பற்களுக்கு இடையே நடுவயதில் இடைவெளி விழுவதையும், ஒரு பல் மட்டும் விசிறிபோல் முன்னால் சாய்வதையும் பலர் அழகுப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறார்கள். பழைய புகைப்படத்தில் இல்லாத இடைவெளி இப்போது இருக்கிறதென்றால், அதற்கு அடியில் இருக்கும் எலும்பைப் பற்றிக் கேட்க வேண்டும். வாய் நாற்றம் இன்னோர் அடையாளம். ஈறுப்பையில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தகம் கலந்த வாயுக்களை வெளியிடுகின்றன. நம் வாய் நாற்றம் நமக்குத் தெரியாது, வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். நெருக்கமான ஒருவர் தயங்கித் தயங்கி அதைச் சொன்னால் கோபப்படாதீர்கள். அவர் ஒரு நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் கண்ணாடி முன் நின்று இதை எல்லாம் பார்த்தாலும், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாது. அதற்கு அளக்க வேண்டும்.

பலமுறை பல் மருத்துவரிடம் போயிருக்கிறேன். சொத்தை பார்த்திருக்கிறார்கள், அடைத்திருக்கிறார்கள். ஈறை அளந்த முதல் மருத்துவர் ஒரு பெண்மணி. மில்லிமீட்டர் கோடுகள் போட்ட, முனை மழுங்கிய மெல்லிய கருவியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் இறக்கி, உதவியாளரிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு, மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு, மூன்று. எனக்கு எதுவும் புரியாவிட்டாலும் அந்தச் சீரான தாளம் பிடித்திருந்தது. கடைவாய்ப் பக்கம் போனதும் மாறியது. ஐந்து. ஆறு, ரத்தம். ஐந்து, ரத்தம். அந்த இடங்களில் எனக்கு ஒரு நாள்கூட வலித்ததில்லை. முடித்ததும் எழுந்து உட்கார்ந்து கேட்டேன்: "அந்தப் பற்களை எடுத்துவிட வேண்டுமா, டாக்டர்?"

"எதற்கு எடுக்க வேண்டும்? முதலில் சுத்தம் செய்வோம். ஆறட்டும். மறுபடி அளப்போம். மற்றப் பேச்செல்லாம் அதற்குப் பிறகு" என்றார். அந்த வரிசை எவ்வளவு சரியானது என்று பிறகு படித்தபோது புரிந்தது.

அளவோடு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். ஆரோக்கியமான எலும்பின் விளிம்பு, பல்லின் கிரீடமும் வேரும் சந்திக்கும் கோட்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அதிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே இழப்பு. 2018-இல் வெளியான உலகளாவிய வகைப்பாடு இந்த நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலையில் பற்றிழப்பு, அதாவது ஈறு பல்லைப் பற்றியிருந்த இடம் வேர் பக்கம் இறங்கிய தூரம் (பையின் ஆழம் வேறு), 1 முதல் 2 மில்லிமீட்டர், இரண்டாவதில் 3 முதல் 4, மூன்றாவதிலும் நான்காவதிலும் 5 அல்லது அதற்கு மேல். இதோடு வேகத்தைக் குறிக்கும் ஏ, பி, சி என்ற தரமும் சேரும். நாளுக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவர்களும், மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவான எச்பிஏ1சி 7 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களும் வேகமான சி தரத்தில் வைக்கப்படுகிறார்கள். உங்கள் மருத்துவர் ஈறில் கொஞ்சம் பிரச்சினை இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், எந்த நிலை, எந்தத் தரம் என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

ஒரே மாதிரி அழுக்கு சேர்ந்தாலும் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் எலும்பு போவதில்லை. இதை உலகம் தெளிவாகத் தெரிந்துகொண்டது இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமிருந்து. அதே ஹரால்ட் லோவின் குழு 1970-இல் தொடங்கி 15 ஆண்டுகள் 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பரிசோதித்தது. பல் துலக்கும் வழக்கமும் பல் மருத்துவ வசதியும் அவர்களுக்கு அன்று இல்லை. எல்லோருடைய பற்களிலும் படலமும் காரையும் இருந்தன, எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. அப்படியிருந்தும் 11 சதவீதத்தினருக்கு நோய் அந்த அழற்சியைத் தாண்டவில்லை. 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகத்தில் முன்னேறியது. 8 சதவீதத்தினருக்கு மிக வேகமாகப் பரவிப் பற்களைக் கொண்டுபோனது. 1986-இல் வெளியான அந்த முடிவுகளை இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களின் வாய்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக் கதையும் அதில் எனக்கு விளங்கியது. நன்றாகத் துலக்குகிற ஒருவருக்கு நோய் வருவதும், அலட்சியமாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எண்பது வயதிலும் எல்லாப் பற்களோடும் இருப்பதும் முரண் இல்லை. எந்தக் கூட்டத்தில் நாம் பிறந்திருக்கிறோம் என்பது முன்கூட்டியே தெரியாது. குடும்பத்தில் இளம் வயதிலேயே பல் இழந்தவர்கள் இருந்தால் வேகமான கூட்டம் என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

சிகிச்சைக்கு வருகிறேன். முதல் படி ஸ்கேலிங். ஈறுக்கு மேலும் கீழும் இருக்கும் காரையை, அதிர்வால் உடைக்கும் கருவியாலும் கைக்கருவிகளாலும் எடுப்பது. பை ஆழமாக இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு, வேரின் மேற்பரப்பு வரை இறங்கிச் சுத்தம் செய்வார்கள். வாயைப் பகுதிகளாகப் பிரித்து இரண்டு மூன்று அமர்வுகளில் செய்வது உண்டு. எனக்கு அப்படித்தான் செய்தார்கள். வலி இல்லை. தண்ணீர் தெறிப்பதும் கருவியின் கீச்சொலியும்தான் தொந்தரவு.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும், இடைவெளி விழுந்துவிடும், எனாமல் தேய்ந்துவிடும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனையோ பேர் பல்லைக் காக்கும் வாய்ப்பைக் கைவிடுகிறார்கள் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். எலும்பு ஏற்கெனவே போன இடத்தில், பற்களுக்கு இடையே காரை கெட்டியாக நிரம்பி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் பல் தன்னுடைய உண்மையான பிடிமானத்தில் நிற்கிறது. ஆட்டம் அப்போது வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வீக்கம் வடிந்து சுருங்கும்போது, வீக்கம் மறைத்திருந்த இடைவெளி கறுப்பு முக்கோணமாகத் தெரிகிறது. இரண்டுமே நோய் செய்த சேதம். பல நேரங்களில், ஈறு ஆறி இறுகியபின் பல்லின் ஆட்டம் முன்பைவிடக் குறையவே செய்யும். எனக்கும் கீழ் முன்பற்களுக்கிடையே இடைவெளி தெரிந்தது. மருத்துவர் முன்பே சொல்லி வைத்திருந்ததால் நான் பயப்படவில்லை. முன்பே சொல்லிவைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று எல்லா மருத்துவர்களும் உணர வேண்டும். சொல்லாமல் செய்த இடங்களிலிருந்துதான் இந்தத் தவறான பேச்சு பிறக்கிறது. சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், பல் கூசும். கூச்சத்துக்கென்று இருக்கும் பற்பசை அதற்கு உதவும்.

இதற்கு மாற்றாக மருந்துக் கொப்பளிப்பு போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஆன்டனி வான் லேவன்ஹூக், தான் செய்த நுண்ணோக்கியில் தன் பல்லிடுக்கின் அழுக்கை வைத்துப் பார்த்து, அதில் உயிரிகள் நெளிவதை 1683-இல் லண்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு எழுதினார். வினிகரால் வாய் கொப்பளித்தால் அந்த அழுக்கின் வெளிப்பக்கம் இருப்பவை மட்டுமே சாகின்றன, உள்ளே இருப்பவற்றை அது எட்டவில்லை என்பதையும் அவரே கவனித்திருந்தார். குளத்துப் படியில் படிந்த பாசி தண்ணீர் ஊற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும். நுண்ணுயிர்ப் படலமும் அதே போலத்தான். குளோர்ஹெக்சிடின் கலந்த கொப்பளிப்பு நல்ல மருந்து. அறுவைக்குப் பிறகோ துலக்க முடியாத நாட்களிலோ குறுகிய காலத்துக்கு மருத்துவர் சொன்னபடி பயன்படுத்தலாம். மாதக்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், சுவை உணர்வும் மாறும். ஆன்டிபயாடிக் மாத்திரையும் இப்படித்தான். படலத்தைக் கலைக்காமல் மாத்திரை மட்டும் விழுங்கினால் வீக்கம் சில நாள் அடங்கி மறுபடி வரும். தேவைப்படும் சிலருக்குச் சுத்தம் செய்வதோடு சேர்த்துத்தான் அதைத் தருவார்கள். தானாக வாங்கிச் சாப்பிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

வீட்டில் செய்யும் சுத்தம் இந்தச் சிகிச்சையின் பாதி. என்னைக் கேட்டால் பாதிக்கும் மேல். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில், இழைகள் ஈறை நோக்கி 45 பாகைச் சாய்வில் இருக்கும்படி வைத்து, அந்த இடத்திலேயே சிறு அசைவுகளாக அசைக்க வேண்டும். சார்லஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் அறியப்படும் முறை இது. நீள நீளமாகத் தேய்ப்பது பல்லின் நடுப்பகுதியை மட்டும் பளபளப்பாக்கும், நோய் தொடங்கும் கோட்டைத் தொடாது, வேர் பக்கம் தேய்மானத்தையும் உண்டாக்கும். காலையும் இரவும், ஒவ்வொரு முறையும் குறைந்தது இரண்டு நிமிடம்.

எவ்வளவு நன்றாகத் துலக்கினாலும் பிரஷ் பல்லிடுக்குக்குள் போகாது. ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். நெருக்கமான பற்களுக்கு ஃபிளாஸ் என்ற நூல் போதும். எலும்பு கொஞ்சம் போய் இடைவெளி விழுந்தவர்களுக்குப் பல்லிடுக்குப் பிரஷ்தான் சிறந்தது. மெல்லிய கம்பியைச் சுற்றி இழைகள் கொண்ட அது பல அளவுகளில் வருகிறது. இடுக்கில் இழைகள் லேசாக உரசும் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கம்பி உரசக் கூடாது. ஒரே வாய்க்கு இரண்டு மூன்று அளவுகள்கூடத் தேவைப்படும். மருத்துவர் எனக்கு ஒவ்வோர் இடுக்கிலும் விட்டுக் காட்டி, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று எழுதிக் கொடுத்தார். முதல் சில நாட்கள் ஒவ்வோர் இடுக்கிலும் ரத்தம் வந்தது. அதை எதிர்பார்க்கச் சொல்லியிருந்தார். நிறுத்தாமல் தொடர்ந்தபோது, வாரம் போகப்போக ரத்தம் குறைந்து, பிறகு இரண்டு இடங்களில் மட்டும் தொடர்ந்தது. அந்த இரண்டும் ஆறு மில்லிமீட்டர் அளந்த இடங்கள் என்பதை நானே கண்டுகொண்டேன். ஒரு நோயாளிக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. எங்கே ரத்தம் தொடர்கிறதோ அங்கே படலமோ காரையோ இன்னும் இருக்கிறது.

இரண்டு மாதம் போல ஆறவிட்டு மறுபடி அளக்கிறார்கள். ஈறு இறுகி, பையின் ஆழம் வழக்கமாக ஓரிரு மில்லிமீட்டர் குறைந்திருக்கும். நான்கும் அதற்குக் குறைவும் ஆகி ரத்தமும் நின்ற இடங்களுக்கு வேறொன்றும் தேவையில்லை. ஆழமாகவே நிற்கும் இடங்களில் மறுபடி சுத்தம் செய்வார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஈறைச் சிறிது விலக்கி, வேரை நேரில் பார்த்துச் சுத்தம் செய்து தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. குழிபோல் செங்குத்தாக எலும்பு போயிருந்தால் எலும்புத் துகள், சவ்வு முதலியவற்றை வைத்து ஓரளவு வளரச் செய்ய முடியும். பரவலாகச் சமமாக இறங்கிய எலும்பை அப்படி மீட்க முடியாது. என்னுடைய இரண்டு இடங்களில் ஒன்று இரண்டாவது சுத்தத்தில் அடங்கியது. மற்றொன்றுக்கு அறுவை செய்தார்கள். வாய்க்குள் தையலோடு சில நாள் மெதுவாகச் சாப்பிட்டதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சர்க்கரை நோயைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்பாவுக்கு அது இருந்தது, அவருடைய பற்களையும் சர்க்கரையையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாகும். ஈறில் ஓயாத அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். பல ஆய்வுகளைத் தொகுத்த 2022-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில், ஈறு சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளின் எச்பிஏ1சி மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் கண்ணையும் காலையும் சோதிக்கும் அக்கறையோடு ஈறையும் சோதிக்கச் சொல்லுங்கள். இதயத்தோடு உள்ள தொடர்பைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது உண்மை, ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது என்பது நிரூபிக்கப்படவில்லை.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் விடும். அப்போது ஸ்கேலிங் செய்யலாம், நடு மூன்று மாதங்கள் அதற்கு மிகவும் வசதி. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபின், அம்லோடிபின், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்கவைக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள்.

சில அடையாளங்கள் காத்திருக்க விடாதவை. ஈறு வீங்கிச் சீழ் வந்தால் அன்றே பல் மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சலோடு முகமோ கழுத்தோ வீங்கினால், விழுங்கவோ வாயைத் திறக்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள். பற்களுக்கு இடையே ஈறின் முனைகள் குதறியதுபோல் அழுகி, கடும் வலியும் நாற்றமும் இருந்தால் அது வேறொரு தீவிர வகை. படலம் அதிகம் இல்லாமலே எல்லா ஈறும் வீங்கி ரத்தம் கசிந்து, உடலில் காரணமில்லாத காயக்கறைகளும் களைப்பும் சேர்ந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். ரத்தப் புற்றுநோய் சில நேரம் முதலில் ஈறில்தான் தலைகாட்டுகிறது.

எனக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். போகும்போதெல்லாம் அளக்கிறார்கள், புதிதாகச் சேர்ந்த காரையை எடுக்கிறார்கள், நான் எந்த இடுக்கைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று சாயம் தடவிக் காட்டுகிறார்கள். சில ஆண்டுகள் நிலையாக இருந்தால் இடைவெளியை ஆறு மாதமாக நீட்டலாமாம். பல்லை எடுத்துவிட்டு, எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்பிளான்ட் வைத்தால் இந்தத் தொல்லை இருக்காதே என்று ஒரு நண்பர் கேட்டார். இம்பிளான்ட்டைச் சுற்றியும் இதே படலம் சேரும், இதே அழற்சி வரும், எலும்பும் கரையும். ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

அண்ணனையும் அளந்து பார்க்கச் சொல்லிப் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். "எனக்குத்தான் வலியே இல்லையே" என்று தட்டிக்கழித்து வந்தவர், அப்பாவின் சர்க்கரை தனக்கும் வந்திருப்பது தெரிந்த பிறகு போனார். இரண்டு கடைவாய்ப் பற்களில் பையின் ஆழம் ஐந்து மில்லிமீட்டர், எக்ஸ்ரேயில் எலும்பு இழப்பு கொஞ்சம்தான். இரண்டாம் நிலை என்றிருக்கிறார்கள். ஸ்கேலிங்குக்கு நாள் வாங்கிவிட்டார். அளவுகள் குறித்த தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், ஆறியபின் மறுபடி அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.